நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு கைபேசி

முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இருபது டேப்லெட்டுகள் வந்து இறங்கின. பெட்டி பிரித்த அன்று ஆசிரியர்கள் எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். பிறகு அவை ஒரு அலமாரிக்குள் போயின. சாவி ஒருவரிடம், சார்ஜர்கள் இன்னொருவரிடம், கடவுச்சொல் மாற்றலாகிப் போய்விட்ட மூன்றாமவரிடம். எட்டு மாதம் கழித்துத் திறந்தபோது நான்கு டேப்லெட்டுகளின் முதுகு புடைத்திருந்தது. பேட்டரி ஊதிவிட்டது. அந்த எட்டு மாதமும் என் பழைய கைபேசி ஒன்றை வைத்துக்கொண்டே அறிவியல் பாடம் நடத்தினேன். அதில் எனக்குப் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. ஆளுக்கொரு கருவி வந்து சேரும்வரை காத்திருக்கும் ஆசிரியர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கைபேசியை எடுப்பதற்கு முன் நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பாடத்தில் கண்ணுக்குச் சிக்காதது, காதுக்குப் பிடிபடாதது, கைக்கு எட்டாத வேகத்தில் நடப்பது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எடுப்பேன். இல்லையென்றால் சாக்பீஸ். நியூட்டனின் விதிகளை வண்ண வண்ணமாக ஸ்லைடில் காட்டுவதால் அவை கூடுதலாகப் புரிந்துவிடுவதில்லை. கரும்பலகையில் நான் வரையும்போது பிள்ளைகளும் கூடவே வரைகிறார்கள். ஸ்லைடு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு படம் பார்க்கிறார்கள்.

முதலில் கைபேசியை அடக்குங்கள்

ஒளிவிலகல் பாடம். திரையில் என் கைபேசியின் படம் பெரிதாக விழுந்திருக்கிறது. தண்ணீருக்குள் வளைந்து தெரியும் பென்சிலை எல்லோரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திரையின் உச்சியில் என் தங்கையின் செய்தி இறங்குகிறது: "அக்கா, அந்தக் கடனை எப்போது திருப்பித் தரப்போகிறாய்?" முன்வரிசை அதை ஒரே குரலில் வாசித்தது. அன்று பென்சிலை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கடனை ஆண்டு முழுதும் நினைவில் வைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து என் கைபேசி வகுப்புக்குள் நுழையும் முன்பே ஃப்ளைட் மோடுக்குப் போய்விடும். வைஃபை தேவைப்பட்டால் அதை மட்டும் தனியாகத் திறந்துகொள்ளலாம். ஆனால் வைஃபை திறந்தால் செய்திகளும் வரும். அதனால் 'தொந்தரவு செய்யாதே' அமைப்பையும் போட்டுவிடுவேன். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில், பாதுகாப்பு அமைப்புகளுக்குள், ஒரு செயலியைத் திரையிலேயே பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. ஐஃபோனில் அதற்கு கைடட் ஆக்சஸ் என்று பெயர். வெளியேறக் கடவு எண் கேட்கும்படி அமைத்துப் பூட்டிவிட்டால் அந்த எண் இல்லாமல் வேறு எங்கும் போக முடியாது. பிள்ளைகள் கையில் கைபேசியைக் கொடுப்பதானால் இதைச் செய்யாமல் கொடுக்காதீர்கள். கெட்ட எண்ணம் வேண்டாம், ஒரு விரல் தவறிப் பட்டாலே போதும், உங்கள் புகைப்படத் தொகுப்பு திறந்துகொள்ளும்.

மேலே தொங்கும் கண்

கைபேசியின் முதல் வேலை கண்ணாக இருப்பது. மேசை ஓரத்தில் தடித்த புத்தகங்களை ஒரு சாண் உயரத்துக்கும் சற்று மேலாக அடுக்குங்கள். கைபேசியின் கேமரா முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மேலே படுக்க வையுங்கள். அதன் வாலின் மீது இன்னொரு கனமான புத்தகம். இவ்வளவுதான் ஸ்டாண்டு. வளையும் கழுத்துள்ள ஸ்டாண்டு வாங்கிய பிறகும் பாதி நாள் புத்தக அடுக்குக்கே திரும்பிப் போகிறேன், ஏனென்றால் அது ஆடுவதில்லை.

கேமராவைத் திறந்து, காட்ட வேண்டிய பொருளின் மீது திரையில் விரலை வைத்துச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான கைபேசிகளில் குவியமும் வெளிச்சமும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். இதைச் செய்யாவிட்டால் உங்கள் கை குறுக்கே போகும் ஒவ்வொரு முறையும் படம் மங்கித் தெளியும், பின்வரிசைக்குத் தலை சுற்றும். விளக்கை நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். அளவுகோலில் செதுக்கிய கோடுகள் அப்போதுதான் நிழலோடு எழுந்து தெரியும்.

பொருளை இரு தாடைகளுக்கு நடுவே வைத்து மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் வெர்னியர் அளவியைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். நாற்பது தலைகள் ஒரு மேசையைச் சுற்றி முட்டிக்கொள்ளும். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேராக நிற்கிறது என்று நான் விரலால் காட்டுவேன், என் விரலே கோட்டை மறைக்கும். புத்தக அடுக்கு வந்த பிறகு இரண்டு மடங்கு ஜூம் வைத்துத் திரையில் விட்டேன். ஒவ்வொரு கோடும் விரல் அகலத்துக்குத் தெரிந்தது.

அந்த முதல் நாளில்தான் எறும்பு வந்தது. அளவியின் தாடை மீது ஏறி, முதன்மை அளவுகோலின் கோடுகளைப் படி போலக் கடந்துபோனது. "டீச்சர், அதை அளக்கலாம்!" என்று ஒரு குரல். நசுக்காமல் அளப்பது எப்படி என்று ஒரு விவாதம். எறும்பு நிற்கும்போது தாடைகளை அதைத் தொடாமல் இருபக்கமும் கொண்டுவரலாம் என்று முடிவாயிற்று. பொறுமையாகக் காத்திருந்தோம். எறும்பு ஓரிடத்தில் நின்று, முன்காலால் தன் உணர்கொம்பை இழுத்து இழுத்துத் துடைக்க ஆரம்பித்தது. எறும்பின் முன்காலில் அதற்கென்றே சீப்பு போல ஓர் அமைப்பு இருக்கிறது. நான் ஒளிப்பதிவுப் பொத்தானை அழுத்தினேன். தாடை மெல்ல நெருங்கியது. முதன்மை அளவுகோல் 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது, வெர்னியரில் மூன்றாவது கோடு நேராக நின்றது. 4.3 மில்லிமீட்டர். நாற்பது பேரும் சத்தமாகப் படித்தார்கள். வெர்னியரை அதற்குப் பிறகு நான் மறுபடி நடத்த வேண்டி வரவில்லை.

திரைக்குக் கொண்டுபோவதில் ஒரு சிக்கல் உண்டு. டைப்-சி துளை இருக்கிற கைபேசியெல்லாம் கேபிள் வழியாகப் படத்தை அனுப்பிவிடாது. டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி அந்த மாடலில் இருக்க வேண்டும். மலிவு விலைக் கைபேசிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. எச்டிஎம்ஐ கேபிள் வாங்கும் முன் கைபேசியின் விவரக் குறிப்பில் அந்தச் சொல்லைத் தேடுங்கள். கேபிள் இல்லாமலும் அனுப்பலாம். ஆனால் பள்ளி வைஃபையில் ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி பாதுகாப்புக்காகத் தடுத்து வைத்திருப்பார்கள். வீட்டில் ஒழுங்காக ஓடியது பள்ளியில் ஓடாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மடிக்கணினியின் ஹாட்ஸ்பாட்டில் கைபேசியை இணைத்தால் வேலை முடிந்தது. ப்ரொஜெக்டரே இல்லையென்றால் புத்தக அடுக்கை வைத்துவிட்டு ஆறாறு பேராக வரச் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு சிறு வித்தை. கண் மருந்துக் குப்பியின் முனையால் கேமரா லென்ஸின் கண்ணாடி மீது ஒரே ஒரு துளி தண்ணீர் வைத்துக் கைபேசியைச் சட்டென்று கவிழ்த்துவிடுங்கள். துளி தொங்கி நிற்கும், அதுவே உருப்பெருக்கியாகிவிடும். இலையை லென்ஸுக்கு மிக நெருக்கமாகக் கொண்டுவந்தால் நரம்புகளின் வலைப்பின்னல் தெரியும். பல லென்ஸ் உள்ள கைபேசியில் எந்த லென்ஸ் வேலை செய்கிறது என்பதை விரலால் ஒவ்வொன்றாக மூடிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய கைபேசியில் செய்யுங்கள். புதியதில் செய்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்தினால், வெறும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் வெளிர் ஊதாவாக மினுக்கும். பின்பக்கக் கேமராவில் வடிகட்டி இருந்து தெரியாமல் போகலாம், முன்பக்கக் கேமராவில் பாருங்கள். இரண்டு நிமிடப் பாடம், ஆனால் 'கண்ணுக்குத் தெரியாத ஒளி' என்ற சொற்றொடர் அதற்குப் பிறகு அவர்களுக்கு வெறும் சொற்றொடராக இருப்பதில்லை.

நேரத்தை நீட்டுதல்

நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் வசதி இன்று பல கைபேசிகளில் உண்டு. சுவரில் ஒரு மீட்டர் அளவுகோலை நிறுத்தி, அதன் பக்கத்தில் ஒரு பந்தை விட்டுவிட்டுப் படம் பிடியுங்கள். 24 படங்கள் நகர்ந்தால் 0.1 நொடி. முதல் 0.1 நொடியில் பந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் விழுந்திருக்கும். அடுத்ததில் 15, அதற்கடுத்ததில் 25 நெருக்கத்தில், நான்காவதில் 34. இவற்றை முதல் எண்ணால் வகுக்கச் சொல்லுங்கள். 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்கள் வரிசையாக வந்து நிற்கும். கலிலியோ இதே வரிசையைச் சாய்தளத்தில் உருளும் குண்டுகளைக் கொண்டு கண்டார், அவரிடம் இருந்தது தண்ணீர்க் கடிகாரம். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சில கைபேசிகள் 240 என்று சொல்லிவிட்டு உண்மையில் குறைவாகவே எடுத்து, இடைப்பட்ட படங்களைத் தாங்களே இட்டு நிரப்பிக்கொள்ளும். நூறில் ஒரு பங்கு நொடி ஓடும் நிறுத்துக் கடிகாரத்தை இன்னொரு கைபேசியில் ஓடவிட்டுப் படம் பிடித்து, படம் படமாக நகர்த்திப் பாருங்கள். எண்கள் ஒன்றோடொன்று கரைந்து பேய் போலத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

காதும் இருக்கிறது

ஜெர்மனியின் ஆர்டபிள்யூடிஎச் ஆஃகன் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற செயலி இலவசம். கைபேசிக்குள் ஏற்கெனவே இருக்கும் முடுக்கமானி, காந்தமானி, ஒலிவாங்கி ஆகியவற்றை ஆய்வகக் கருவிகளாக்கித் தருகிறது. அதில் என் மனதுக்குப் பிடித்தது ஒலியால் ஓடி ஒலியால் நிற்கும் கடிகாரம். ஒலியின் வேகத்தை அளக்க இரண்டு கைபேசிகள் போதும்.

நீளமான, அமைதியான ஒரு தாழ்வாரத்தில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கைபேசிகளையும் தரையில் வையுங்கள். இரண்டிலும் கடிகாரத்தைத் தயாராக வைத்துவிட்டு, முதல் கைபேசிக்கு அருகில் நிற்பவர் ஒருமுறை கைதட்ட வேண்டும். அவருடைய கடிகாரம் உடனே ஓடத் தொடங்கும். மற்றது சத்தம் 10 மீட்டர் போய்ச் சேர்ந்த பிறகு ஓடத் தொடங்கும். இரண்டொரு நொடி கழித்து மறுமுனையில் நிற்பவர் தட்ட வேண்டும். இப்போது அவருடையது உடனே நிற்கும், முதலாவது தாமதமாக நிற்கும். ஆக, முதல் கைபேசி காட்டும் நேரம் இரண்டாவதைவிடக் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல், சத்தம் போய்வர, அதாவது 20 மீட்டர் கடக்க, எடுத்துக்கொண்ட நேரம்.

எங்கள் முதல் அளவீட்டில் ஒன்று 2.417 நொடி, மற்றது 2.358 நொடி காட்டியது. வித்தியாசம் 0.059. இருபதை அதால் வகுத்தால் நொடிக்கு 339 மீட்டர். புத்தகம் 20 டிகிரி செல்சியஸில் 343 என்கிறது. "டீச்சர், தப்பாக வந்துவிட்டது" என்றான் கணக்குப் போட்டவன், அழாத குறையாக. நான்கு மீட்டர் பிசகுக்கு எவ்வளவு நேரம் பிசகியிருக்க வேண்டும் என்று கணக்கிடச் சொன்னேன். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவு என்று வந்தது. பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இதில் சறுக்கும் இடம் இரண்டு. செருப்புச் சத்தத்துக்கே கடிகாரம் ஓட ஆரம்பித்தால் செயலியில் ஒலியின் குறைந்தபட்ச அளவைக் கூட்டுங்கள். கை தட்டியவுடனேயே எதிரொலி கேட்டு நின்றுவிட்டால் குறைந்தபட்சத் தாமதத்தைக் கூட்டுங்கள். வெளிச்சத்தை அளக்கும் சோதனை ஆண்ட்ராய்டில்தான் ஓடும், ஐஃபோன் தன் ஒளியுணரியைச் செயலிகளுக்குத் திறந்துவிடுவதில்லை. காந்தப்புலம் அளக்கும்போது கைபேசி உறையைக் கழற்றிவிடுங்கள், மூடியில் சின்னக் காந்தம் ஒளிந்திருக்கும். ஒருமுறை அரைமணி நேரம் அந்தக் காந்தத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தோம்.

வாய் திறக்காதவர்கள்

"புரிந்ததா?" என்று கேட்டால் முன்வரிசை தலையாட்டும். அந்தத் தலையாட்டலை நம்பி நான் வீணாக்கிய ஆண்டுகள் அதிகம். ப்ளிக்கர்ஸ் என்ற ஏற்பாட்டில் கைபேசி ஆசிரியரிடம் மட்டும் இருந்தால் போதும். பிள்ளைகளிடம் ஆளுக்கொரு அட்டை, அதில் கறுப்பு வெள்ளைச் சதுரங்களால் ஆன ஒரு வடிவம். எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்கள் என்பதுதான் விடை. நான்கு பக்கம், நான்கு விடை. வகுப்பைப் பார்த்துக் கைபேசியை மெதுவாக ஒரு வீச்சு வீசினால் யார் என்ன சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். ஒவ்வொருவர் அட்டையும் வேறு வடிவம் என்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. அட்டைத் தொகுதி 63 வரை கிடைக்கிறது.

அட்டைகளை லேமினேட் செய்யாதீர்கள். விளக்கு பளபளத்துக் கேமராவுக்குக் கண் கூசும். தடித்த, பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டால் போதும். விரல் கறுப்பு வடிவத்தின் மேல் படக் கூடாது. பிள்ளைகளின் பெயருக்குப் பதில் வருகை எண்ணையே பதிவு செய்யுங்கள், பெயர்ப் பட்டியலை யாரோ ஒருவருடைய சர்வரில் ஏற்ற வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

முதல் நாள் ஒரு கேள்வி கேட்டேன். மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? நாற்பதில் முப்பத்தொருவர் சுழியம் என்றார்கள். அது தவறு, பந்து நின்றாலும் புவியீர்ப்பு விடுவதில்லை, முடுக்கம் அப்போதும் அதேதான். அதற்கு முந்தைய நாள்தான் எல்லோரும் புரிந்தது என்று தலையாட்டியிருந்தார்கள். சரியாகச் சொன்ன ஒன்பது பேரில் ஒருத்தி, அந்த ஆண்டில் அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள். வகுப்பில் அவள் பெயரைச் சொல்லவில்லை. போகும்போது மட்டும், 'உன் அட்டை சரி' என்றேன்.

பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது

நால்வருக்கு ஒன்று. இதைவிடக் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்பது என் அனுபவம். ஒருவர் பிடிப்பார், ஒருவர் அளவைப் படிப்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் சந்தேகப்படுவார். சந்தேகப்படுவது ஒரு பதவி. அதற்குத்தான் எப்போதும் போட்டி. எழுதுபவர் கைபேசியைத் தொடக் கூடாது. ஏழு நிமிடம் என்று பலகையில் எழுதிவிட்டு, நேரம் முடிந்ததும் 'கவிழ்' என்று சொன்னால் எல்லாக் கைபேசிகளும் மேசை மூலையில் முகம் குப்புறப் போக வேண்டும். பாடம் சாராத எதிலாவது கவனம் போய்விட்டால் மாணவர் திரும்பிப் பாடத்துக்கு வர 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்வி அறிக்கை சொல்கிறது. நாற்பது நிமிடப் பாடவேளையில் அது சரிபாதி.

சொந்தக் கைபேசியைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். இல்லாதவர் யார் என்பது ஒரே நாளில் வகுப்புக்கே தெரிந்துவிடும். வீடுகளில் தூங்கும் பழைய கைபேசிகளைக் கேட்டு வாங்குங்கள். சிம் வேண்டாம், திரையில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை. முழுதாக அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, தேவையான நான்கைந்து செயலிகளை மட்டும் போடுங்கள். வாங்கும்போதே சமதளமான மேசையில் வைத்து மூலையை அழுத்திப் பாருங்கள். பம்பரம் போல ஆடினால் பேட்டரி ஊதியிருக்கலாம், வாங்காதீர்கள். விடுமுறைக்கு முன் பாதி சார்ஜ் ஏற்றி அணைத்து வையுங்கள். முழுதாக ஏற்றியோ காலியாகவோ மாதக்கணக்கில் வைத்தால் என் பழைய பள்ளி அலமாரியின் கதைதான்.

இணையத்தை நம்பிப் பாடம் தயாரிப்பதை நான் விட்டுவிட்டேன். கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனைச் சோதனைகளை, அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் பரிசோதனைகளை, முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ளலாம். கிவிக்ஸ் செயலியில் விக்கிப்பீடியாவையே இணையமின்றிப் படிக்கலாம். இரண்டையும் முந்தைய இரவு ஃப்ளைட் மோடில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். இறங்கிவிட்டது என்று நினைத்து இறங்காமல் போன கதைகள் என்னிடம் நிறைய உண்டு.

கடைசி ஐந்து நிமிடம்

மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே கைபேசிகளை எண்ணி வாங்குங்கள், எண் ஒட்டியிருந்தால் எளிது. பிறகு அன்று எடுத்த படங்களையும் ஒளிப்பதிவுகளையும் பிள்ளைகள் கண் முன்னாலேயே அழித்துவிடுவேன். அழித்தவை தங்கும் குப்பைத் தொட்டியையும் மறக்காமல் காலி செய்வேன், பல கைபேசிகளில் அவை 30 நாள் வரை அங்கேயே கிடக்கும். பிள்ளைகள் முகம் இருக்கும் எதுவும் என்னோடு வீட்டுக்கு வருவதில்லை, எந்தக் குழுவுக்கும் போவதில்லை. விரல் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு வரும்போது அவர்கள் எண்ணிக்கொண்டே நிற்பார்கள்.

வெர்னியர் நாளன்றும் அப்படித்தான். பதினாறு அழித்தாயிற்று, பதினேழாவது எறும்பு. "அது மட்டும் இருக்கட்டும் டீச்சர், அதில் எங்கள் முகம் இல்லையே" என்றாள் ஒருத்தி. யோசித்துப் பார்த்தேன், விதி அவள் பக்கம் இருந்தது. மூன்று கைபேசி மாறிவிட்டேன், எறும்பு இன்னும் கொம்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறது.